மருத்துவனின் அதபு

அரபு மொழியில் ‘அதப்’ என்றொரு சொல் உண்டு. நம் வீடுகளில் அது ‘அதபு’ என்று வழங்குகிறது. பெரியவர்கள் முன்னே காலை நீட்டி உட்காரும் பிள்ளையை, “அதபு இல்லையா?” என்று உம்மா கண்டிப்பார். அதே சொல்லுக்கு அரபு அறிஞரிடத்தில் இலக்கியம் என்பதும் பொருள். நன்னடத்தையையும் நல்லிலக்கியத்தையும் ஒரே சொல்லால் குறித்த சமுதாயம், நல்ல சொற்களைப் பயின்றவனிடம் நல்ல நடத்தையையும் எதிர்பார்த்தது. தமிழில் நாம் ‘ஒழுக்கம்’ என்கிறோம். அது ‘ஒழுகு’ என்பதன் அடியாகப் பிறந்தது. நீர் இடையறாது ஒழுகுவதுபோல் வாழ்வில் இடையறாது நிகழ்வதே ஒழுக்கம். ஒருநாள் மேடையில் செய்து காட்டுவது அப்பெயருக்கு உரியதன்று.

இவ்விரு சொற்களையும் ஈண்டு எடுத்து வைப்பதற்குக் காரணம் உண்டு. இந்திய மருத்துவக் கவுன்சில் 2018ஆம் ஆண்டில் ‘மனப்பாங்கு, அறநெறி, உரையாடல்’ ஆகிய மூன்றையும் மருத்துவ மாணவர்க்குக் கற்பிக்க 27 பாட அலகுகள் கொண்ட ஏடொன்றை வெளியிட்டது. 2019இல் சேர்ந்த மாணவர் முதல் அப்பாடம் நடைமுறைக்கு வந்தது. கவுன்சில் 2020இல் மறைந்து, தேசிய மருத்துவ ஆணையம் அதன் இடத்திற்கு வந்த பின்னும் அப்பாடம் தொடர்கிறது. மருத்துவன் என்றால் யார், நோயாளியாக இருப்பது எத்தகையது, நோயாளிக்கும் மருத்துவனுக்கும் உள்ள உறவு என்ன என்ற கேள்விகளோடு அது தொடங்குகிறது. நல்ல தொடக்கமே. ஆயினும், அறத்தைப் பாடமாக வைத்தால் அறம் வந்துவிடுமா என்ற பழைய கேள்வி அப்படியே நிற்கிறது. இக்கேள்வியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எதிர்கொண்ட அரபு நூல்கள் சில உள்ளன. அவற்றைப் போற்றிப் பாடி முடித்துவிடாமல், நிறை குறை இரண்டையும் எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ருஹாவீயின் நூல்

கிறிஸ்து சகாப்தம் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இஸ்ஹாக் இப்னு அலீ அர்ருஹாவீ என்பார் ‘அதபுத் தபீப்’ எனும் நூலை எழுதினார். ‘மருத்துவனின் அதபு’ என்பது அதன் பொருள். ருஹா என்பது இன்று துருக்கியில் உர்ஃபா என வழங்கும் ஊர். நூலின் கையெழுத்துப்படி எதிர்னே நகரத்து ஸலீமிய்யா நூலகத்தில் காக்கப்பட்டு வந்தது. மார்ட்டின் லெவி என்ற அறிஞர் 1967இல் அதனை ஆங்கிலத்தில் வெளியிட்ட பின்னரே உலகம் அதனைப் பரவலாக அறிந்தது.

இருபது அத்தியாயங்கள் கொண்ட இந்நூலின் முதற்சிறப்பு அதன் அமைப்பு. மருத்துவனின் நம்பிக்கையும் நற்குணமும் முதலில் பேசப்படுகின்றன. தன் உடலையும் உள்ளத்தையும் மருத்துவன் பேணும் முறை அடுத்து வருகிறது. அதன்பின் நூல் மருத்துவனை விட்டு வெளியே நடக்கிறது. நோயாளியின் பணியாளர்க்கு என்ன சொல்ல வேண்டும், நலம் விசாரிக்க வருவோர் எப்படி நடந்துகொள்ள வேண்டும், மருந்து விற்போர் கலப்படம் செய்வதை எவ்வாறு கண்டறிவது, நோயாளியிடமும் உடனிருப்போரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் எவை, நோயாளி தன் குடும்பத்தாரிடம் எவ்வாறு நடக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் தந்திருக்கிறார். மருத்துவனைத் தேர்வு செய்து சோதிப்பதற்கு ஓர் அத்தியாயம். போலிகளை அடையாளம் காண்பதற்கு ஓர் அத்தியாயம்.

இந்த அமைப்பைக் கண்டவுடன் தமிழ் படித்தவர்க்குத் திருக்குறளின் 95ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அதனைப் பிழையாமல் கொடுத்து உடனிருப்பவன் என நால்வகைப் பகுப்பை வள்ளுவர் அங்கே வைத்திருக்கிறார். மருத்துவம் என்பது ஒருவன் செய்யும் செயலன்று, நால்வர் கூடி நடத்துவது என்ற தெளிவு இரு நூலுக்கும் பொது. இன்றைய பாட ஏடோ மாணவனை மட்டுமே நோக்கிப் பேசுகிறது. பாடத்திட்டம் மாணவனுக்கு உரியது; எனவே அதனைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் மற்ற மூவரின் அதபு யார் பொறுப்பு? நோயாளியின் கட்டிலைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்று, ஆளுக்கொரு மருந்து சொல்லி, அழைத்து வந்த குழந்தைகளை வார்டில் ஓடவிட்டு, இறுதியில் மருத்துவரோடு வாக்குவாதம் செய்து திரும்பும் நம் வழக்கத்தை எந்தக் கல்லூரி திருத்தும்? நோயாளியை நலம் விசாரிப்பது நமக்குக் கடமை. அங்கே நெடுநேரம் தங்காமல் எழுந்து வருவதும் அந்தக் கடமையின் அதபு என்று நம் முன்னோர் எழுதி வைத்ததை நாம் மறந்தோம். ருஹாவீ நம் குடும்பங்களுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறார்.

நூலின் குறைகளையும் சொல்ல வேண்டும். கிரேக்க ஆசிரியர்களான புக்ராத், ஜாலீனூஸ் இருவர் மீதும் அவருக்கிருந்த மதிப்பு பல இடங்களில் ஆய்வை மூடிவிடுகிறது. இன்னொன்று, மருத்துவத் தொழிலின் கண்ணியத்தைப் பற்றி அவர் மிக நீளமாகப் பேசுகிறார். மக்கள் மருத்துவனை மதிக்க வேண்டும், நோயாளி கீழ்ப்படிய வேண்டும் என்பவற்றுக்கு அத்தியாயங்கள் ஒதுக்குகிறார். நோயாளிக்கு மறுக்கும் உரிமை உண்டா என்ற வினா அவர் சிந்தனையில் எழவில்லை. அக்காலச் சூழல் வேறு என்பது உண்மையே. எனினும் பழைய நூலைப் பாடமாக்க விரும்புவோர் இதனை மறைத்தல் கூடாது.

ராஸீயின் கடிதமும் ஒரு கடினமான கேள்வியும்

அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ (மறைவு 925) பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்துக் காட்டியவர் என்ற முறையில் பள்ளிப் பாடங்களிலும் இடம் பெற்றவர். மருத்துவர் கிடைக்காத ஏழை எளியவர்க்கென்றே தனி நூலொன்று எழுதியவர். அரசரிடம் மருத்துவனாக அமர்ந்த தம் மாணவர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதம் ‘அக்லாக்குத் தபீப்’ என வழங்குகிறது. பெற்றோரிடமும் சொல்லாத இரகசியங்களை மனிதன் மருத்துவனிடம் சொல்கிறான். ஆகவே நாவைக் காத்துக்கொள் என்கிறார். பார்வையைத் தாழ்த்து என்கிறார். ஏழைக்கும் செல்வனுக்கும் ஒரே கவனம் செலுத்து என்கிறார். குணமாக்கியது தானே என்று பெருமை கொள்ளாதே என்கிறார். ஆசிரியர் மாணவனுக்கு எழுதிய கடிதமாதலால், சட்டப் புத்தகத்தின் வறட்சி இதில் இல்லை.

ஆயின், ராஸீயின் பெயரால் வழங்கும் மற்றோர் அறிவுரை நம்மைத் தயங்க வைக்கிறது. மருத்துவனுக்கே உறுதியில்லாத போதும், நலமாகிவிடும் என்ற எண்ணத்தை நோயாளியின் மனத்தில் ஊட்ட வேண்டும் என்பதே அது. உடலின் நிலை உள்ளத்தின் நிலையைப் பின்பற்றும் என்பது அவர் காட்டும் காரணம். இது அன்பினால் எழுந்த சொல் என்பதில் ஐயமில்லை. மேற்கு நாட்டு மருத்துவரும் நெடுங்காலம் இதே வழியில்தான் நின்றனர். 1961இல் அமெரிக்காவில் மருத்துவர்களிடம் கேட்டபோது, புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாதிருப்பதே தம் வழக்கம் என்று ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் கூறினர். 1979இல் அதே கேள்வியைக் கேட்டபோது, சொல்வதே தம் வழக்கம் என்று 97 விழுக்காட்டினர் கூறினர். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு தொழிலின் வழக்கம் தலைகீழாக மாறியிருக்கிறது.

நம் வீடுகளில் இம்மாற்றம் இன்னும் முழுமையாக வரவில்லை. நோயின் பெயர் மகனுக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியும், பக்கத்து வீட்டாருக்கும் தெரியும். கட்டிலில் கிடப்பவருக்கு மட்டும் தெரியாது. “வாப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டார்” என்று மருத்துவரின் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறோம். இது பாசமே. ஆனால் நம் ஷரீஅத்தின் கண்கொண்டு இதனை நோக்குவோம். இறப்பை எதிர்நோக்கும் மனிதனுக்குச் செய்ய வேண்டிய காரியங்கள் உள்ளன. கடனைத் தீர்க்க வேண்டும். அமானிதங்களை உரியவரிடம் சேர்க்க வேண்டும். வஸிய்யத் எழுத வேண்டும். மனம் நோகச் செய்தவர்களிடம் பொருத்தம் கேட்க வேண்டும். தௌபாச் செய்ய வேண்டும். நோயை மறைப்பவர் இவ்வளவையும் அவர் கையிலிருந்து பறித்துவிடுகிறார். ராஸீயின் அறிவுரையை அப்படியே பின்பற்ற இயலாது என்று நாம் சொல்வதற்கு இதுவே காரணம். மேனாட்டு வழக்கம் மாறியதால் இதைச் சொல்லவில்லை. நம் வழியில் நின்று பார்த்தாலே இம்முடிவு கிடைக்கிறது. எப்படிச் சொல்வது, எவ்வளவு சொல்வது, எப்போது சொல்வது என்பவை வேறு. அங்கேதான் அதபு தேவை. உண்மையைக் கல்லாக எறிவதும் அதபன்று; பொய்யைத் தேனாக ஊட்டுவதும் அதபன்று.

இக்கேள்வியை ஃபிக்ஹு அறிஞர்கள் வேறொரு வாயில் வழியாக அணுகியிருக்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. தொழில் தெரியாமல் மருத்துவம் பார்த்தவன் ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவன் என்பது நபிமொழியிலிருந்து பெறப்பட்ட விதி. இப்னுல் கைய்யிம் அல்ஜவ்ஸிய்யா தம் ‘ஸாதுல் மஆத்’ நூலில் இதனை விரிக்கும்போது, கைதேர்ந்தவன், அறியாதவன், தவறு நேர்ந்தவன் என்று வகை பிரித்து, நோயாளியின் அனுமதி பெற்றானா என்பதையும் அளவுகோலாகக் கொள்கிறார். மருத்துவ நூலார் பேசாத அனுமதியைச் சட்ட நூலார் பேசியிருக்கிறார்கள். அதேபோல் 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ என்பார் சந்தை மேற்பார்வையாளரான முஹ்தஸிபுக்கு எழுதிய ‘நிஹாயத்துர் ருத்பா’ நூலிலும் ஓர் ஏற்பாடு காணப்படுகிறது. மருத்துவன் தான் கேட்டதையும் கொடுத்ததையும் எழுதி வீட்டாரிடம் தர வேண்டும். நோயாளி இறந்தால் அவ்வேட்டைத் தலைமை மருத்துவர் பார்வையிட்டு, பிழை உண்டா இல்லையா எனத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நற்குணத்தை மட்டும் நம்பி அவர்கள் இருந்துவிடவில்லை. குணத்துக்குப் பக்கத்தில் கணக்கையும் வைத்தார்கள்.

நையாண்டியும் ஒரு கற்பி முறை

அறவுரை நுழையாத இடத்தில் கதை நுழையும். 11ஆம் நூற்றாண்டில் பக்தாதைச் சேர்ந்த கிறிஸ்தவ மருத்துவர் இப்னு புத்லான் ‘தஃவத்துல் அதிப்பா’ என்றொரு நூல் எழுதினார். ‘மருத்துவர்களின் விருந்து’ எனலாம். இளம் மருத்துவன் ஒருவன் மய்யாஃபாரிகீன் நகருக்கு வருகிறான். கஞ்சத்தனம் மிக்க முதிய மருத்துவர் அவனை விருந்துக்கு அழைக்கிறார். பண்டங்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் உடலுக்கு ஆகாது என்று சொல்லி விருந்தினரின் கையை அவர் தடுத்துவிடுகிறார். அறிவு முழுவதும் ஒரு கவளத்தை மிச்சம் பிடிக்கப் பயன்படுகிறது. ஊரில் நோய் குறைந்து வருமானம் போயிற்று என்ற புலம்பல் வேறு. பிறகு கண் மருத்துவன், அறுவை மருத்துவன், இரத்தம் குத்தி எடுப்பவன், மருந்து விற்பவன் ஆகியோர் கூடிக் கேள்வி கேட்கின்றனர். யாருக்கு எவ்வளவு தெரியும் என்பது வெளிப்பட்டுவிடுகிறது.

இலக்கிய நோக்கில் இந்நூல் ருஹாவீயின் நூலை விட ஒருபடி மேலே நிற்கிறது என்பது நம் கருத்து. ருஹாவீ, மருத்துவன் பேராசை கொள்ளலாகாது என்று சொல்கிறார். வாசிக்கும் மாணவன் தலையசைப்பான். தன்னைப் பற்றியதென்று எண்ணமாட்டான். இப்னு புத்லானோ பேராசைக்கு ஒரு முகம், ஒரு குரல், ஒரு சாப்பாட்டு விரிப்பு தந்து உட்கார வைக்கிறார். சிரித்தபடியே படிக்கும் மருத்துவன் நடுவில் தன் முகத்தைக் கண்டு திடுக்கிடுவான். அரபு அகராதி ஆசிரியர்கள் சிலர் ‘அதப்’ என்ற சொல்லை விருந்தைக் குறிக்கும் ‘மஃதுபா’வோடு உறவுபடுத்துவார்கள். இந்த நூலில் விருந்தே அதபைக் கற்பிக்கிறது.

இன்று உலகின் பல மருத்துவக் கல்லூரிகளில் டால்ஸ்டாய் 1886இல் வெளியிட்ட ‘இவான் இலியிச்சின் மரணம்’ மாணவர்க்கு வாசிக்கத் தரப்படுவதும் இக்காரணம் பற்றியே. நோயுற்ற நீதிபதியைச் சுற்றி மருத்துவர் பலர் வருகின்றனர். அவர் குற்றவாளிகளிடம் காட்டிய அதே அலட்சியக் கண்ணியத்தை அவர்கள் அவரிடம் காட்டுகின்றனர். சாகப் போகிறார் என்பதை எல்லாரும் மறைக்கின்றனர். நோயை விட அந்தப் பொய்யே அவரை வதைக்கிறது. கெராசிம் என்ற பட்டிக்காட்டு வேலைக்காரன் ஒருவன்தான் பொய் சொல்லாமல், முகம் சுளிக்காமல், அவர் கால்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறான். உடனிருப்பவனையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாக வள்ளுவர் எண்ணியதன் நியாயம் இக்கதையில் விளங்கும்.

பாடம் இருந்தும் அறம் இல்லாத இடம்

அறத்தைப் பாடமாக்கினால் போதும் என்று நம்புவோர் கட்டாயம் அறிய வேண்டிய வரலாறு ஒன்றுண்டு. ஜெர்மனியில் 1931ஆம் ஆண்டிலேயே, மனிதர் மீது புதிய சிகிச்சைகளைச் சோதிப்பதற்கு நோயாளியின் ஒப்புதல் வேண்டும் என்று அரசு விதிகள் வெளியாயின. நாஜிகளின் ஆட்சியில், 1939 முதல், மருத்துவச் சட்டமும் தொழில் ஒழுக்கமும் மாணவர்க்குக் கட்டாயப் பாடமாயின. ருடோல்ஃப் ராம் என்பவர் எழுதிய அதற்குரிய பாடநூல் 1942இல் வெளிவந்தது. இனத்தின் நலமே மருத்துவனின் தலையாய கடமை என்று அது போதித்தது. அதே ஆண்டுகளில்தான் சிறை முகாம்களில் மனிதர்கள் சோதனைப் பொருள்களாயினர். ஊனமுற்ற குழந்தைகள் மருத்துவமனைகளிலேயே கொல்லப்பட்டனர். 1946 டிசம்பரில் நூரம்பெர்க்கில் தொடங்கிய வழக்கில் நின்ற 23 பேரில் 20 பேர் மருத்துவர்கள். 1947இல் தீர்ப்போடு சேர்ந்து வந்த நூரம்பெர்க் நெறிகளும், 1948இன் ஜெனீவாப் பிரகடனமும், 1964இன் ஹெல்சிங்கிப் பிரகடனமும் அந்த இரத்தத்தின் மீது எழுதப்பட்டவை.

வென்ற நாடுகளும் தூய்மையாக இருந்துவிடவில்லை. அமெரிக்காவின் டஸ்கீகியில் கறுப்பின ஆண்கள் நூற்றுக்கணக்கானோரை, மேகநோய்க்குப் பெனிசிலின் கிடைத்த பின்னரும் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தனர். 1932இல் தொடங்கிய அக்கொடுமை 1972 வரை நீடித்தது.

எனவே கேள்வி இரண்டாகப் பிரிகிறது. அறம் கற்பிக்கப்படுகிறதா என்பது ஒன்று. யாருடைய அறம், யாருக்குப் பணிந்த அறம் என்பது மற்றொன்று. ஆட்சியாளனுக்குப் பணிந்த அறம் கொலைக்கும் விளக்கம் எழுதித் தரும். இதற்கு எதிர்முகமாக, மருத்துவர் வரலாறு எழுதிய இப்னு அபீ உஸைபிஆ (மறைவு 1270) நமக்கு ஒரு செய்தியைப் பாதுகாத்துத் தந்திருக்கிறார். மொழிபெயர்ப்பாளரும் மருத்துவருமான ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கிடம் கலீபா முதவக்கில் தம் எதிரியைக் கொல்ல விஷம் கேட்டார். பரிசுகள் காட்டினார், பிறகு சிறையில் அடைத்தார், வாளையும் காட்டினார். ஹுனைன் இணங்கவில்லை. பகைவனுக்கும் நன்மை செய்யச் சொல்லும் தம் மார்க்கமும், மனிதருக்குத் தீங்கு செய்யாதே எனும் தம் தொழிலும் தடுக்கின்றன என்றார். சோதித்துப் பார்த்தேன் என்று கலீபா அவரை விடுவித்தாராம். வரலாறு ஓரளவு மெருகேற்றப்பட்டிருக்கலாம். ஆனால் முஸ்லிம் கலீபாவிடம் கிறிஸ்தவ மருத்துவர் ‘முடியாது’ என்று சொன்னதை முஸ்லிம் வரலாற்றாசிரியர் பெருமையோடு எழுதி வைத்தார் என்பது ஐயத்துக்கு இடமற்றது. மருத்துவ மாணவன் கற்க வேண்டிய முதற்சொல் ‘முடியாது’ என்பதே. பாட ஏடுகளில் அச்சொல்லைக் கற்பிக்கும் பகுதி பெரிதாக வேண்டும்.

எழுதப்படாத பாடம்

நம் மதரஸாக்களில் ஸர்னூஜீயின் ‘தஃலீமுல் முதஅல்லிம்’ நூலை ஓதிக் கொடுப்பதுண்டு. மாணவனின் அதபு பற்றியது அந்நூல். ஆண்டுதோறும் அதனை ஓதிக் கொடுத்துவரும் நாம் கண்ட உண்மை ஒன்று: உஸ்தாத் சமையற்காரரை எப்படி அழைக்கிறார் என்பதைத்தான் மாணவன் பார்க்கிறான். கிதாபில் உள்ள அதபு தேர்வோடு போய்விடும். உஸ்தாதின் நாவில் உள்ள அதபு ஆயுள் முழுதும் கூட வரும்.

இதனையே மேலைநாட்டுக் கல்வியாளர் ‘மறைந்திருக்கும் பாடத்திட்டம்’ என்று பெயரிட்டு ஆராய்ந்துள்ளனர். மருத்துவக் கல்வியைப் பொறுத்தவரை ஹாஃபர்ட்டி என்ற சமூகவியலாளர் 1994இல் இதனைத் தெளிவாக எடுத்துரைத்தார். வகுப்பறையில் சொல்வது ஒன்று. வார்டிலும் நடைகூடத்திலும் உணவகத்திலும் மாணவன் கற்பது மற்றொன்று. பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், மாணவர்களின் பரிவுணர்வு மூன்றாம் ஆண்டில் சரிவதாகக் கண்டனர். பின்வந்த ஆய்வுகள் சில, இச்சரிவு எல்லா இடத்தும் ஒரே அளவில் இல்லை என்றன. எனினும் அந்த ஆண்டு எது என்பதைக் கவனிக்க வேண்டும். புத்தகத்தை விட்டு நோயாளியிடம் மாணவன் வந்து சேரும் ஆண்டு அது. பரிவு பெருக வேண்டிய இடத்தில் அது வற்றுமானால் குறை மாணவனிடம் மட்டும் இருக்க முடியாது. மூத்தவர் நோயாளியைப் பெயர் சொல்லாமல் கட்டில் எண்ணால் அழைத்தால், இளையவன் நோயாளிக்குப் பெயர் உண்டு என்பதையே மறப்பான். முப்பத்தாறு மணி நேரம் தூங்காதவனிடம் பரிவு பற்றிய வினாத்தாளைக் கொடுத்துப் பயனில்லை.

இந்த அளவுகோலால் இன்றைய 27 அலகுகளைப் பார்ப்போம். அவற்றுள் நம் நெஞ்சைத் தொட்டது, முதலாண்டில் வைத்திருக்கும் ‘சடலமே முதல் ஆசிரியர்’ என்ற அலகு. உடற்கூறு அறையில் கிடப்பவர் ஒரு பொருளல்லர். யாருக்கோ தந்தையாக, தாயாக இருந்தவர் என்று மாணவன் அறியத் தொடங்கும் இடம் அது. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பது போன்றது எனக் கேட்டு வளர்ந்த நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். தைவானின் தஸூச்சி பல்கலைக்கழகத்தில், உடலைக் கொடையாகத் தந்தவரின் குடும்பத்தாரை மாணவர் முன்னதாகவே சந்தித்து, அவர் வாழ்க்கையைக் கேட்டு எழுதி வைக்கின்றனர். அவரை ‘மௌன ஆசான்’ என்றே அழைக்கின்றனர்.

குறை, இவ்வலகுகள் தேர்வுத்தாளில் வினாவாக மாறும் இடத்தில் இருக்கிறது. பரிவு என்றால் என்ன, ஐந்து குறிப்புகள் தருக என்று கேட்டால் ஐந்து குறிப்புகள் கிடைக்கும். பரிவு கிடைக்குமா? தேர்வில் இல்லாத எதையும் நம் மாணவர் படிப்பதில்லை என்பதால் தேர்வில் வைத்தார்கள். அவர்கள் இக்கட்டு நமக்குப் புரிகிறது. ஆனால் ருஹாவீயின் காலத்திலும் மருத்துவனைச் சோதித்தார்கள். அச்சோதனையில் அவன் எவ்வளவு காலம் யாரோடு இருந்தான், மருத்துவமனையில் எவ்வளவு உழைத்தான் என்ற வினாக்களுக்கு இடமிருந்தது. 10ஆம் நூற்றாண்டின் அலீ இப்னுல் அப்பாஸ் அல்மஜூஸீயும் மாணவன் மருத்துவமனையை விட்டு நீங்காதிருக்க வேண்டும், நோயாளியின் நிலையை இடையறாது கேட்டறிய வேண்டும் என்றார். அதபின் மதிப்பெண்ணை நோயாளியும் செவிலியரும் சேர்ந்து இடும் முறை வந்தால், பாடம் ஒழுக்கமாக மாற ஒரு வழி திறக்கும்.

எந்த உறுதிமொழி?

2022 ஏப்ரல் 30 அன்று மதுரை மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள், வழக்கமான ஹிப்போக்ரட்டீஸ் உறுதிமொழிக்குப் பதிலாக சரகரின் பெயரால் அமைந்த உறுதிமொழியை எடுத்ததும், கல்லூரி முதல்வர் இடம் மாற்றப்பட்டதும், சில நாட்களில் மீண்டும் பணியமர்த்தப்பட்டதும் நினைவிருக்கலாம். நாடெங்கும் வாதம் நடந்தது. அவ்வாதத்தில் எழாத செய்தி ஒன்றை இங்கே சொல்ல விரும்புகிறோம். ஹிப்போக்ரட்டீஸ், அதாவது நம் கிதாபுகளின் புக்ராத், கிரேக்கர். அவருடைய உறுதிமொழியின் அரபு வடிவத்தை டமாஸ்கஸ்காரரான இப்னு அபீ உஸைபிஆ தம் நூலில் பாதுகாத்தார். ஷைஸரீயின் நூல், மருத்துவரிடம் அவ்வுறுதிமொழியை முஹ்தஸிபு வாங்க வேண்டும் என்றது. சரகரின் நூலும் பாரசீக மொழி வழியாக அரபுக்கு வந்தது. 10ஆம் நூற்றாண்டில் இப்னுந் நதீம் தம் ‘ஃபிஹ்ரிஸ்த்’ நூற்பட்டியலில் அதனைக் குறித்திருக்கிறார். அர்ராஸீ சரகரைப் பெயர் சொல்லி எடுத்தாள்கிறார். ஆக, புக்ராத்தும் சரகரும் ஒரே நூலகத்தில் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குள் சண்டை மூட்டியவர்கள் நாமே.

இரண்டு உறுதிமொழிகளிலும் இன்று ஏற்க இயலாதவை உள்ளன. ஒன்று பழைய தெய்வங்களை முன்னிறுத்தியது. மற்றொன்றின் மூலநூல், அரசன் வெறுப்பவர்க்கு மருந்து தராதே என்றது. இரண்டிலும் காலத்தைக் கடந்து நிற்பவையும் உள்ளன: இரகசியம் காத்தல், நோயாளியின் வீட்டில் தீய நோக்கின்றி நுழைதல், அறிந்தே தீங்கு செய்யாமை. ஓர் உறுதிமொழியின் மதிப்பு, அதனைச் சொன்னவன் மறுநாள் காலை வெளிநோயாளர் பகுதியில் வரிசையில் நிற்கும் கிழவியிடம் என்ன குரலில் பேசுகிறான் என்பதில் தெரியும்.

அக்குரலைப் பற்றியும் ஒரு சொல். மருத்துவம் ஆங்கிலத்தில் கற்கப்படுகிறது. வலி தமிழில் வருகிறது. ‘குடைச்சல்’, ‘கடுப்பு’, ‘எரிவு’, ‘இழுத்துப் பிடிக்கிறது’ என்பவை ஒவ்வொன்றும் வேறு வேறு வலி. இவற்றைப் பிரித்தறியாத காது, பாதி நோயைக் கேட்காமலே விடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி மருத்துவர் கிரீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்கத் துணிந்தார். அதற்கென்று பாடநூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். அந்நியர் ஒருவர் உணர்ந்த தேவை இது. உரையாடலை ஒரு பாடமாக வைத்திருக்கும் இன்றைய ஏடு, நோயாளியின் மொழியை இன்னும் அழுத்தமாக நினைக்க வேண்டும்.

நம் குடும்பங்களில் பிள்ளை மருத்துவனாக வேண்டும் என்ற ஆசை வீட்டுக்கு வீடு வளர்ந்திருக்கிறது. நகையை விற்றுப் படிக்க வைக்கிறோம். இடம் கிடைத்த அன்று விருந்து வைக்கிறோம். மகிழத்தக்கதே. ஆனால் விடுமுறைக்கு வரும் மகனிடமும் மகளிடமும் எந்தத் துறையில் வருமானம் அதிகம் என்று கேட்பதோடு நிறுத்திவிடுகிறோம். இன்று யாருடைய கையைப் பிடித்தாய், யாரிடம் உண்மை சொல்லத் தயங்கினாய், மூத்தவர் தவறாகச் சொன்னபோது என்ன செய்தாய் என்றும் கேட்போம். அரபியில் ‘திப்பு’ எனும் வேருக்கு மருத்துவம் என்ற பொருளோடு மென்மையும் கைத்திறனும் பொருளாக உண்டு. கைத்திறனைக் கல்லூரி தரும். மென்மைக்கான முதற்பாடம் வீட்டில், நோயுற்ற பாட்டியின் கட்டிலருகில் தொடங்குகிறது. அங்கே நாம் பொய் சொல்லாமலும் முகம் சுளிக்காமலும் இருந்தால், பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை கற்றுக்கொள்ளும்.